உறைபனியில் சைக்கிள்: கேள்வி பதில்

பின்லாந்தின் ஔலு நகரில் ஒன்பது குளிர்காலம் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவன் நான்; இப்போது காரைக்குடிவாசி. குளிர்நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் பகுதியார் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: என் பேரன் ஔலுவில் உறைபனியிலும் சைக்கிளில்தான் போகிறான். கார் வாங்கச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டேன். தவறா?

சமாதானமாகிவிடுங்கள், ஆச்சி. குளிரை உடுப்பு தாங்கிக்கொள்ளும். அஞ்ச வேண்டியது வழுக்கலுக்குத்தான். பூஜ்யத்துக்குக் கீழே 15 பாகையில் அழுந்திய பனி கெட்டித் தரையாகக் கிடக்கும். பகலில் உருகி இரவில் மறுபடி உறையும் நாள்தான் ஆளைக் கவிழ்க்கும். முன்சக்கரத்துக்காவது ஆணி பதித்த டயர் போட்டிருக்கிறானா என்று மட்டும் கேளுங்கள்.

தேவகோட்டை மாணவர்: அந்தக் குளிரில் மக்களைச் சைக்கிளில் ஏற வைப்பது எது?

எந்தப் பாதையில் பனி முதலில் அள்ளப்படுகிறது என்பதுதான். பல நகரங்களில் கார்ச் சாலையைத் துப்புரவாக்கும் வண்டி, வழித்த பனியையெல்லாம் சைக்கிள் பாதையில் தள்ளிவிட்டுப் போகிறது. வாய்க்கால் தோண்டிய மண்ணை நம் வீட்டு முகப்பில் குவித்துவிட்டுப் போவதைப் போன்ற வேலை அது. ஔலுவிலும் கோபன்ஹேகனிலும் சைக்கிள் பாதைக்கு முன்னுரிமை உண்டு. சுவீடனின் கார்ல்ஸ்கூகா இன்னும் ஒரு படி மேலே போய், நடைபாதைகளையும் குழந்தைகள் காப்பகங்களுக்குச் செல்லும் வழிகளையும் முதலில் துப்புரவாக்கியது. ஏனென்றால் பனியில் விழுந்து அடிபடுவோரில் கார் ஓட்டுபவர்களைவிட நடந்து செல்பவர்களே, அவர்களிலும் பெண்களே, அதிகம். செலவைவிட, பனி அள்ளும் வரிசையை மாற்றும் மனம்தான் இதில் அரிது என்பது என் கருத்து.

கானாடுகாத்தான் வாசகர்: பேருந்துக்குக் காத்திருப்பவர் விறைத்துப்போக மாட்டாரா?

அரை மணிக்கு ஒரு வண்டி என்றால் விறைத்துத்தான் போவார். அடுத்த மாதமே கார் வாங்கிவிடுவார். அடிக்கடி வண்டி விட்டால்தான் ஆள் நிற்பார். கனடாவின் மாண்ட்ரியல் 1966இல் திறந்த மெட்ரோவை முழுக்க நிலத்தடியிலேயே அமைத்தது; அங்கே காத்திருப்பவர் பனியில் நிற்க வேண்டியதில்லை. கார் பக்கம் ஓடுவோரைத் தடுக்கவும் வழி உண்டு: சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் 2006இல் சோதனையாகத் தொடங்கி 2007இல் நிலைப்படுத்திய நெரிசல் வரி, அதாவது மையப் பகுதிக்குள் காரில் போய்வரக் கட்ட வேண்டிய வரி, நகர மையத்துக்குள் போய்வரும் வாகனங்களை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது.

காரைக்குடி வாசகி: மகள் அடுத்த மாதம் போகிறாள். எதை எடுத்துச் செல்லட்டும்?

இங்கிருந்து கம்பளி மூட்டை வேண்டாம், அங்கேயே வாங்கலாம். புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் வியர்த்து, அந்த ஈரமே பிறகு நடுக்கும். விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை நல்லது. பூட்டுக்குள் தண்ணீர் உறைந்து சாவி நுழையாமல் போகும் என்பதால் சிறு எண்ணெய்க் குப்பி ஒன்று பையில் இருக்கட்டும்; அது இல்லாமல் ஒரு மாலை சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நான் பேருந்தில்தான் வீடு திரும்பினேன்.