ஆறாம் வகுப்பில் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மாநிலப் பாடத்திட்டம் தரம் குறைந்தது, ஆறாம் வகுப்பிலேயே சி.பி.எஸ்.இ.க்கு மாற்றிவிடுங்கள் என்று சேர்க்கை ஆலோசகர் ஒருவர் வற்புறுத்துகிறார். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஒரு கலைத்திட்டத்தை எடைபோடும்போது, அது யாருடைய பிள்ளைகளுக்காக, எந்தத் தேவைக்காக வகுக்கப்பட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஊருக்குக் கணக்கு எழுதுவோர் தேவைப்பட்டதால் திண்ணைப் பள்ளிகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற பொன், நெல் அளவை வாய்பாடுகளை மனப்பாடம் செய்யவைத்தன. மெட்ரிகுலேஷன் என்ற சொல்லே பல்கலைக்கழக நுழைவைக் குறித்தது. மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. 1962இல் திருத்தியமைக்கப்பட்டபோது, இடமாறுதலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு தடைபடாமல் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கமாக இருந்தது. ஊர் மாறாத உங்கள் மகளுக்கு அந்தத் தேவை இல்லை. மாநிலப் பாடநூல்களும் 2018-19 முதல் புதிதாக எழுதப்பட்டுவிட்டன. பழைய நூல்களைப் பற்றிய குறையைத்தான் ஆலோசகர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீட் தேர்வுக்குரிய பாடம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுடையது என்பதால், அந்தக் கவலைக்காக ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது வீண்.

ஆலோசகர் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கிறது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் அதே வகுப்புகளைத்தான் கணக்கில் கொள்கிறது. நீங்கள் மாற்ற நினைக்கும் ஆண்டே இந்தக் கணக்கு தொடங்கும் ஆண்டு. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று பள்ளியிடம் வாங்கும் தரகருக்கு இதைச் சொல்வதால் என்ன லாபம்?

‘சி.பி.எஸ்.இ. முறை’, ‘சர்வதேசக் கலைத்திட்டம்’ என்று எழுதிய பலகையைக் கண்டால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். ‘முறை’ என்பது வாரியம் பள்ளிக்குத் தரும் அங்கீகாரமான இணைப்பு ஆகாது. இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, அது எந்த வகுப்புவரை செல்லும் என்பதை வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் வந்துவிடும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் பெயர்களை வாரியத்தில் பதியும்போதுதான் பல பெற்றோருக்கு உண்மை தெரிகிறது. பிள்ளை மூன்று நான்கு ஆண்டுகள் கட்டணம் கட்டிப் படித்த பிறகு, புகார் எழுதிக் கொடுத்தால் விசாரிக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு துறையும் அதற்கு அதிகாரிகளும் எதற்கு என்று நானும் பலமுறை கேட்டுவிட்டேன்.

ஒரேயொரு விலக்கு உண்டு. உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ ரயில்வே, ராணுவம், மத்திய வருவாய்த் துறை போன்ற இடங்களில் பணி இருந்து, வெளிமாநிலத்துக்கு மாறுதல் வரும் என்பது உறுதியானால் மாற்றலாம். மாநிலத்துக்குள் மாவட்டம் மாறுவது இதில் சேராது. வந்தாலும் வரலாம் என்ற ஊகமும் சேராது. பத்தாம் வகுப்பை முடிக்கும்முன் வெளிமாநிலப் பள்ளியில் சேர்க்க வேண்டிய நிலை வருமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வரும் என்றால், கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மாறுதலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு, அதற்குத் தரகரும் தேவையில்லை.