கோன்யாக்கும் ஆர்மன்யாக்கும்: மண்ணா, கொப்பரையா?

கேள்வி: கோன்யாக், ஆர்மன்யாக் இரண்டுமே பிரான்ஸின் திராட்சை பிராந்திதானே? ருசி வேறுபடுவது மண்ணாலா, காய்ச்சும் முறையாலா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இரண்டாலும்தான். ஆனால் என் ஓட்டு கொப்பரைக்கே.

கோன்யாக் வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் உக்னி பிளாங் என்ற ஒரே திராட்சைதான். அதன் ஒயினைக் குடித்தால் பல் கூசும். ஆல்கஹாலும் 9 சதவீதம் போலத்தான். காய்ச்சுவதற்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். கெடாமலிருக்கக் கந்தகம் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஒயின் கெடாமல் காப்பது புளிப்பே.

செப்புக் கொப்பரைக்கு அடியில் நேரடித் தீ. முதல் தடவை வடிப்பதில் ஆல்கஹால் சுமார் 30 சதவீதம். அதை மறுபடி ஏற்றி, முதலில் வரும் நெடியான பகுதியையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு, 70 சதவீதத்தை ஒட்டிய நடுப்பகுதியை மட்டும் பிடிப்பார்கள். அங்கே ஒரு வடிசாலையில் நின்று பார்த்திருக்கிறேன். அளவுமானி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் காய்ச்சுபவர் சில சொட்டுகளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த பிறகுதான் குழாயைத் திருப்பினார். என்ன நிதானம்! மார்ச் 31-க்குள் அந்த ஆண்டுக்கான காய்ச்சல் முடிந்தாக வேண்டும்.

தெற்கே கஸ்கொனியில் ஆர்மன்யாக்கை வடிப்பது பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில். இட்லித் தட்டுகள் மாதிரி அடுக்கிய தட்டுகளில் ஒயின் மேலிருந்து இறங்க, ஆவி அதன் ஊடாகவே ஏறும். 52 முதல் 60 சதவீதத்தில் வெளியே வரும். கோன்யாக் கழித்துவிடும் கனமான வாசனைகள் பல இதில் தங்கிவிடும். அதனால்தான் இளசாக இருக்கும்போது முரடாக இருக்கிறது. பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உலர்ந்த பிளம் பழ வாசனையோடு அருமையாகக் கனிகிறது.

மண்ணின் வேலை? கோன்யாக்கில் கிராண்ட் ஷாம்பாஞ் பகுதியின் சுண்ணாம்பு மண்ணில் விளைந்தது மெதுவாகத்தான் முதிரும். போர்டரி பகுதிச் சரக்கு சீக்கிரம் பக்குவப்படும், வயலட் பூ மணக்கும். ஆர்மன்யாக்கில் பா-ஆர்மன்யாக் பகுதியின் மணல் நிலத்தில் பாக்கோ என்ற கலப்பு ரகத் திராட்சை நன்றாக வருகிறது.

கேள்வி: பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தால் வயது கூடுமா?
– இன்னொரு வாசகர், காரைக்கால்

பதில்: கூடாது. பீப்பாயை விட்டு இறங்கியதோடு சரி. ஆர்மன்யாக்கில் அறுவடை ஆண்டைப் போட்டு விற்பது வழக்கம். 1980 என்று இருந்து, 2000-இல் பாட்டிலில் அடைத்திருந்தால் அது 20 வயதுச் சரக்கு, இன்றைக்கும் அதேதான். அடைத்த ஆண்டையும் பார்த்து வாங்குங்கள். அப்புறம், பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப் போட்டால் சரக்கு தக்கையை அரித்துவிடும்.