அண்டி ஆபீஸ் பெண்கள் வரி கட்டுவதில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பகுதியில் அண்டி ஆபீசுக்கு (முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு) போகும் பெண்கள் வருமான வரி கட்டுவதில்லை. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் மட்டும் மாதாமாதம் வாங்குகிறார்கள். சம்பளத்தில் வரி பிடித்தம் போக மிச்சம் வாங்கும் என்னைப் போன்றவர்கள்தானே அதைச் சுமக்கிறோம்? கூலியும் கிலோ கணக்கு. உடைத்த அளவுக்குக் கிடைக்கிறது. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

எஸ்., கருங்கல்

அன்புள்ள எஸ்.,

அவர்களும் வரி கட்டுகிறார்கள். 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. மாதம் 9,000 சம்பாதிப்பவருக்கும் 90,000 சம்பாதிப்பவருக்கும் இதே தொகைதான். வருமானத்தோடு ஒப்பிட்டால் முன்னவருக்குச் சுமை பத்து மடங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது நல்ல காரியம். ஆனாலும் வாங்குபவரின் வருமானத்தைப் பார்க்காத வரிதான் அது.

நீங்கள் வருத்தப்பட வேறு இடம் இருக்கிறது. புதிய வரி முறையில் வருஷச் சம்பளத்தில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 சதவீதம். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்குகளின் லாபத்துக்கு 12.5 சதவீதம்தான், அதிலும் முதல் 1.25 லட்சத்துக்கு வரி கிடையாது. சொத்து வரியை (வீட்டு வரியைச் சொல்லவில்லை, செல்வத்தின் மேல் மத்திய அரசு போட்டதை) 2015 பட்ஜெட்டில் எடுத்தே விட்டார்கள்.

இனி கிலோ கணக்கு. வறுப்பு சரியாக அமையாவிட்டால் தோடு (கொட்டையின் ஓடு) எளிதில் விடாது, பருப்பு நொறுங்கும். முழுப்பருப்புக்கு உள்ள கூலி நொறுங்கியதற்குக் கிடைக்காது என்றால், வறுத்ததில் வந்த பிழைக்கு உடைப்பவர் கூலியை இழக்கிறார். தோட்டெண்ணெய் பட்டுக் கை வெந்துபோவது தனி. இதனால்தான் சட்டம் கிலோவோடு நிற்கவில்லை: அந்த வேலைக்கு நாள் கூலி மட்டும் நிர்ணயித்திருந்தால், பீஸ் ரேட்டில் (செய்த அளவுக்குக் கூலி) செய்பவருக்கும் அது குறையக்கூடாது. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பேச்சுக்கு, குறைந்தபட்சக் கூலி பஞ்சப்படியும் சேர்த்து 450 என்று வைப்போம். கிலோவுக்கு 45 வீதம் 8 கிலோ உடைத்தால் 360. மீதி 90ஐ முதலாளி தர வேண்டும்.

தராமல் தப்பிக்க எளிய வழி, பதிவேட்டில் நாளைக் குறைப்பது. 24 நாள் வேலையை 12 நாள் என்று எழுதினால் தினக்கூலி தாளில் சரியாக இருக்கும். ஆனால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் தேறினால்தான் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டில்) நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஆறு மாதமும் 12 நாள் வீதம் எழுதப்பட்டவருக்கு 72 நாள்தான் வரும். காய்ச்சலில் படுத்தால் அந்தத் தொகை இல்லை.

உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் தேதி, முழுப்பருப்பு எத்தனை கிலோ, நொறுங்கியது எத்தனை, கையில் வந்த பணம் என்று தினமும் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் பதிவான சம்பளத்தை அதோடு ஒத்துப் பார்க்கட்டும். குறைவென்றால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முன்பு ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். புதிய தொகுப்பில் மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு. தனியாளாகப் போகாமல் நாலைந்து பேர் சேர்ந்தோ சங்கம் மூலமோ போவது நல்லது. மனு கொடுத்தவரை மட்டும் குறிவைத்து வேலையிலிருந்து நிறுத்துவது அப்போது கடினம்.