முதலில் வருபவரைவிட ஐந்தாவதாக வருபவர்தான் முக்கியம்

கேள்வி: பள்ளி கிராஸ் கன்ட்ரி (புல்தரை, மேடு, சேறு வழியாக ஓடும் நீண்டதூர ஓட்டம்) அணியில் ஒரு சீசன் முழுக்க ஓடுவது எப்படி இருக்கும்? ரொம்ப வேகமாக ஓட வராதவர்கள் சேர்ந்தால் ஏதாவது பயன் உண்டா?

பயன் உண்டு. அணியில் நான் ஐந்தாவது ஆள், கால் சரியில்லாத வாரங்களில் ஆறாவது. எந்தப் பந்தயத்திலும் மேடை ஏறியதில்லை. ஆனாலும் பந்தயம் முடிந்ததும் எங்கள் கோச் கண்கள் முதலில் தேடுவது என்னைத்தான். என் மேல் தனிப் பாசமெல்லாம் இல்லை, புள்ளிக் கணக்கு அப்படி.

வழக்கமான பள்ளிப் போட்டிகளில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அதில் முதலில் வரும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்த்து, அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியே இல்லை.

இப்போது ஒரு கணக்கு. ஒரு அணியில் நான்கு சூரர்கள். 1, 3, 4, 9 என்று வந்துவிட்டார்கள். ஐந்தாவது பையன் 31-வதாக வருகிறான். மொத்தம் 48. இன்னொரு அணியில் பெயர் சொல்லும்படி யாருமே இல்லை. 5, 8, 10, 11, 12 என்று கூட்டமாக வந்து சேர்கிறார்கள். மொத்தம் 46. கோப்பை அவர்களுக்கு! அந்த 31-வது பையன் கடைசி மேட்டில் மூன்று பேரை முந்தியிருந்தால் கதையே மாறியிருக்கும். முன்னால் ஓடுபவர்களுக்கு இடையே இடைவெளி அதிகம், உயிரைக் கொடுத்து ஓடினாலும் ஓர் இடம் முன்னேறுவது கஷ்டம். நடுவில் வருவது பெரும் கூட்டம். அங்கே ஐந்து நொடி முன்னதாக வந்தாலே பல இடங்கள் கிடைக்கும்.

அப்போ ஆறாவது, ஏழாவது ஆட்கள் சும்மாவா? இல்லை. அவர்கள் எண் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால், அவனுடைய எண்ணை ஒன்று ஏற்றிவிடுவார்கள். எதிரியின் கணக்கைக் கெடுப்பதற்கென்றே ஓடுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

பெரிய மேடையிலும் இதே கதைதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கிராஸ் கன்ட்ரி இருந்தது. கொளுத்தும் வெயிலில் 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலிடம், அதே நாட்டின் வில்லே ரிடோலா இரண்டாமிடம். ஆனால் அணிக்கான தங்கத்துக்கு மூன்று பேர் முடிக்க வேண்டும். ஹெய்க்கி லீமட்டாய்னென் தள்ளாடித் தள்ளாடி 12-வதாக வந்து சேர்ந்த பிறகுதான் அந்தத் தங்கம் கிடைத்தது. நூர்மியை எல்லோருக்கும் தெரியும், மூன்றாவது ஆளை யார் நினைக்கிறார்கள்! அதோடு கிராஸ் கன்ட்ரியை ஒலிம்பிக்ஸிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சரி, சீசனுக்கு வருவோம். விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடும். முதல் சில வாரங்கள் மெதுவான நீண்ட ஓட்டம் மட்டும்தான். பக்கத்தில் ஓடுபவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். வேகம் காட்டத் துடிக்கும் புதுப் பையன்களுக்கு இது தண்டனை மாதிரி இருக்கும். ஆனால் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படி இல்லை, நிதானமாகத்தான் பலப்படும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு வருடமும் நல்ல ஓட்டக்காரர் ஒருவராவது இப்படி ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் மேட்டு ஓட்டங்கள், இடைவெளி விட்டு விட்டு வேக ஓட்டங்கள், வாரக் கடைசியில் பந்தயம். இறுதிப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தூரத்தைக் குறைத்துவிடுவார்கள். உடம்பு லேசாக இருக்கும், மனசு மட்டும் 'போதுமான அளவு ஓடவில்லையோ' என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

பந்தய நாளில் கடிகாரத்தை ரொம்ப நம்ப வேண்டாம். போன வாரம் காய்ந்த புல்தரை, இந்த வாரம் சேறு. ஒரே 5 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடும், குறையும். முள் வைத்த ஷூவின் நாடாவை இரட்டை முடிச்சு போட்டு நுனியை உள்ளே செருகிவிடுவோம். சேற்றில் ஷூ கழன்றால் திரும்பிப் போய் எடுக்க நேரம் கிடையாது, காலுறையோடு ஓட வேண்டியதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அகலமான கோட்டில் நிற்கும் அத்தனை பேரும் சில நூறு மீட்டரில் ஒரு குறுகலான பாதைக்குள் நுழைந்தாக வேண்டும். முழங்கை இடிக்கும், முன்னால் ஓடுபவனின் ஷூ முள் கெண்டைக்காலைக் கீறும். முடிவுக் கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டிய சந்து இருக்கும். வந்த வரிசையிலேயே அதில் நகர வேண்டும், குனிந்து நின்றால்கூடத் தள்ளிக்கொண்டு போவார்கள். கணினி இல்லாத போட்டிகளில் சந்தின் முனையில் எண் எழுதிய அட்டையைக் கையில் திணிப்பார்கள். வியர்வையில் நனைந்த அந்த அட்டைகளை ஐந்து பேரும் கோச் முன்னால் நீட்ட, அவர் மனக்கணக்குப் போடும் அரை நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு சீசன் ஓடலாம்.

சேருவதாக இருந்தால் சில விஷயங்கள். முதல் கிலோமீட்டரில் யாரோடும் போட்டி போடாதீர்கள். பாதி தூரத்துக்கு மேல் ஆட்கள் தானாகவே பின்தங்குவார்கள். மேட்டின் உச்சியில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொள்வார்கள், நீங்கள் இன்னும் இருபது அடி அதே அழுத்தத்தில் ஓடிவிட்டு அப்புறம் மூச்சு விடுங்கள். உங்கள் அணியில் உங்களை விடச் சற்றே வேகமான ஒருவரின் முதுகைப் பார்த்து ஓடிப் பழகுங்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியும் வாரக்கணக்கில் களைப்பு போகவில்லை என்றால் 'சோம்பேறித்தனம்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லி இரும்புச்சத்தைப் பாருங்கள். நீண்டதூரம் ஓடும் பெண்களுக்கு, முக்கியமாகப் பள்ளி வயதில், இது குறைவது சகஜம்.

முள் ஷூவை முதல் நாளே வாங்க வேண்டாம். முதல் பந்தயம் நெருங்கும்போது வாங்கினால் போதும். அதுவரை சாதாரண ஓட்ட ஷூ, கொஞ்சம் பொறுமை.