26 இன்ச் டயர் ரிம்ல ஏறலைன்னு கேட்டிருந்த சாருக்கு

சார், இருபது வருஷம் கழிச்சு அப்பாவோட த்ரீ ஸ்பீட் (மூணு கியர்) சைக்கிள எடுத்து, 26க்கு 1.75 டயர் வாங்கி எவ்ளோ மல்லுக்கட்டியும் ரிம்ல ஏறலைன்னு எழுதியிருந்தீங்க. லீவர் போட்டு இனிமே நெம்பாதீங்க, டியூப்தான் கிழியும். அந்தக் கால த்ரீ ஸ்பீட்ல பெரும்பாலும் 26க்கு 1 3/8தான், அதோட ரிம் அளவு 590 மில்லிமீட்டர், நீங்க வாங்கினது 559, ரெண்டுமே 26 இன்ச்னுதான் சொல்லுவாங்க ஆனா 31 மில்லிமீட்டர் சின்னது எப்படி ஏறும்? பழைய டயரோட பக்கவாட்ட ஈரத்துணியால தொடச்சுப் பாருங்க, 37-590ன்னு (டயர் அகலம் 37, ரிம் 590) இருந்தா அதையே சொல்லிக் கேளுங்க.

டயர் கழட்டினது கழட்டினதா ரிம்முக்குள்ள ஸ்போக் முனைய மூடியிருக்கிற ரிம் டேப்பையும் மாத்திடுங்க, பழசு மொறுமொறுன்னு ஒடைஞ்சு ஸ்போக் முனை டியூப்ப குத்தும், எனக்கு ரெண்டு தடவ பஞ்சர் ஆனதே அப்படித்தான். பின் சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்புல ஒரு குட்டி மூடி இருக்கும், தொறந்து நாலஞ்சு சொட்டு லேசான ஆயில் விடுங்க. பெடல் போடாம உருட்டும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, 46 வயசுல எனக்கு அதக் கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு.

ஸ்டீல் ரிம்முன்னா மழைல பிரேக் ரொம்ப லேட்டா பிடிக்கும், அதுமட்டும் ஜாக்கிரதை சார். டயர் கிடைச்சதும் போட்டோ போடுங்க.