மழைக்கு மட்டும் பொங்கும் பாதாளச் சாக்கடை: மாடிக் குழாயைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு மேன்ஹோல் பொங்கி வழிகிறது. கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் குமிழிவிட்டு மேலே வருகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஊரிலேயே இருந்தும் ஏன் இப்படி? நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். முதல் வேலையாக, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது சாக்கடைச் சேம்பருக்குள் (வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) போனால், சிக்கலின் ஒரு துண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்றுதான் நம் நாட்டில் நிலையங்களை வடிவமைக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்குச் சுமார் 430 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் இறங்கும் தண்ணீர் 4,600 லிட்டருக்கு மேல். உங்கள் வீட்டின் பத்து நாள் கழிவுநீர் ஒரே மணி நேரத்தில் போகிறது! தெருவில் பத்து வீடுகள் இப்படிக் கட்டியிருந்தால் எந்தக் குழாய் தாங்கும்? கடலோர ஊர் என்பதால் மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் மேலேறி, விரிசல் விட்ட குழாய்களுக்குள் கசிகிறது.

இந்த வெள்ளம் நிலையத்துக்குப் போனால் அங்கே நடப்பதுதான் பெரிய இழப்பு. கழிவைத் தின்று சுத்தம் செய்வது பாக்டீரியாக்கள். காற்று ஊதி அவற்றை வளர்த்து, பிறகு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் வேகமாக வந்தால் படிய நேரம் கிடைக்காது. பாக்டீரியாக்களும் சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடும். மழை நின்ற பிறகும் அவை மறுபடி பெருகும்வரை பல நாள் நிலையம் அரைகுறையாகத்தான் ஓடும். செப்டிக் டேங்க் லாரிகள் நிலையத்தில் கொட்டும் கழிவோ வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டி. அதை நேரங்காலம் பார்க்காமல் கொட்டினால், அளவு சிறிதானாலும் சுமை பெரிது.

நாடு முழுக்க இதே கதைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். நிறுவப்பட்ட திறன் 3,184 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,024 கோடி. அதாவது, இருக்கும் திறனும் முழுதாகப் பயன்படவில்லை. ஓரிடத்தில் வீட்டு இணைப்பே இல்லாமல் நிலையம் காய்கிறது. இன்னோரிடத்தில் நிரம்பி வழிகிறது. கட்டப் பணம் திட்டத்தில் வந்துவிடும். காற்று ஊதும் ப்ளோயரின் பழுதுக்கும், கரண்ட் பில்லுக்கும், தேங்கிய சேற்றை அள்ளவும் ஆண்டுதோறும் வேண்டிய பணம்தான் வருவதில்லை. சேறு அள்ளாத தொட்டியின் கொள்ளளவு காகிதத்தில் மட்டுமே இருக்கும். என் பார்வையில், புது நிலையம் கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியது இந்தப் பராமரிப்பைத்தான்.

சரி, உங்கள் வீட்டு வேலை. மழைநீர்க் குழாயைச் சேம்பரிலிருந்து பிரித்து, உறிஞ்சுகுழிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ திருப்புங்கள். சமையல் எண்ணெய், நாப்கின், துணி எதுவும் உள்ளே போகக் கூடாது.

அப்புறம், கழிப்பறையிலும் தரை வடிகாலிலும் ட்ராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாய்) இருக்கிறதா, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பாருங்கள். விஷவாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிப்பறை வழியே வந்த வாயு மூன்று உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கக் கூடாது. அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே எல்லோரும் வெளியேறி, பொதுப்பணித்துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்துக்குச் சொல்லுங்கள். மேன்ஹோலைத் திறந்து ஆளை இறக்கவே இறக்காதீர்கள்.

கீழ்த்தளத்துக்கு மட்டும் ஒருவழி வால்வு போடலாம். மழைக்கு முன் அதைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வெளியே சாக்கடை நிரம்பி வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியேறாது. அந்த நேரத்தில் வாஷிங் மெஷின் ஓட்டாதீர்கள்.