கேள்வி-பதில்: குட்டி இளவரசனும் நாலாம் வகுப்புப் பையனும்

கேள்வி: மேடம், என் மகன் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவான். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. 'குட்டி இளவரசன்' வாங்கி வைத்திருக்கிறேன். அதை வைத்தே படிக்க, எழுதச் சொல்லித்தர முடியுமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: முடியும். ஆனால் ஆரம்பத்தில் புத்தகம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். உங்கள் பையனுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. கடைசிச் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகிறது, கதை பிடிபடுவதில்லை, அவ்வளவுதான். முதல் நாள் நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் அதே அத்தியாயத்தை அவன் படிக்கும்போது அடுத்து என்ன வரும் என்று காதுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், கண் பின்னாலேயே வந்துவிடும். இந்தக் கதை இதற்கு ரொம்பத் தோது. மொத்தம் 27 அத்தியாயம், பலவும் ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், பேச்சும் நிறைய. அவன் இளவரசன், நீங்கள் கதை சொல்லும் விமானி என்று பிரித்துக்கொண்டு படியுங்கள். (1943-இல் வெளிவந்த இந்தக் கதையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியே விமானிதான், படங்களும் அவர் வரைந்தவை என்று சொல்லுங்கள், பையன்களுக்கு அது பிடிக்கும்.)

எழுதுவதற்கு முதல் அத்தியாயமே போதும். மலைப்பாம்பு யானையை விழுங்கியதை ஒரு பையன் வரைந்து காட்டுகிறான், பெரியவர்கள் எல்லாரும் தொப்பி என்கிறார்கள். உங்கள் மகனும் அப்படி ஒன்று வரைந்து தாத்தாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் காட்டி என்னவென்று கேட்கட்டும். தப்பாகத்தான் சொல்வார்கள். அப்போது உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று படத்துக்குக் கீழே அவன் ஒரு வரி எழுதித்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு அந்த ஒரு வரி போதும். அப்புறம் இளவரசன் கிரகம் கிரகமாகப் போகும் இடம் வரும்போது பத்தி எழுத வைக்கலாம். நிமிஷத்துக்கு ஒரு தரம் விளக்கை ஏற்றி அணைத்துக்கொண்டே இருப்பவன் ஒரு கிரகத்தில் இருக்கிறான் இல்லையா, அதைப் படித்ததும் உங்கள் மகனே ஒரு கிரகம் உண்டாக்கட்டும். நாள் முழுக்க கேட்டைத் திறந்து மூடுகிற அபார்ட்மென்ட் செக்யூரிட்டி மட்டும் வாழும் கிரகம், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்பவர்களின் கிரகம், எதுவானாலும் சரி. அத்தியாயம் முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

கேள்வி: அதே புத்தகத்தில் ஒரு குடிகாரன் வருகிறான், கடைசியில் பாம்பு கடிக்கிறது. இதையெல்லாம் குழந்தைக்குப் படித்துக் காட்டலாமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: டாஸ்மாக் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு இந்தக் குடிகாரன் ஒன்றும் புதிய ஆள் இல்லை சார். எதற்குக் குடிக்கிறாய் என்று இளவரசன் கேட்கிறான். வெட்கத்தை மறக்க என்கிறான். என்ன வெட்கம்? குடிக்கிறேனே என்ற வெட்கம். பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், படியுங்கள். கடைசி அத்தியாயங்களை மட்டும் இரவு தூங்கப் போகும் நேரத்தில் எடுக்காதீர்கள், பகலில் படித்தால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்கள். இளவரசன் செத்துப்போனானா என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கலாம், புத்தகமும் அதை அடித்துச் சொல்வதில்லை.

கேள்வி: என் மகள் கதை எழுதுகிறாள், ஆனால் ர-ற, ன-ண, ல-ள-ழ எல்லாம் குழப்பம். சிவப்புப் பேனாவால் திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது.
— வாசகி, பெரம்பூர்

பதில்: அவள் கதை எழுதிய பக்கத்தில் பேனா வைக்காதீர்கள். சென்னையில் பாதிப் பேர் 'பளம்' என்றுதான் சொல்கிறோம், காதில் விழுந்ததைத்தான் குழந்தை எழுதும். அதனால் நீங்கள் படித்துக் காட்டும்போது ழகரத்தையும் ளகரத்தையும் நிறுத்தி, தெளிவாகச் சொல்லுங்கள். ர-ற கதை வேறு, அந்த வித்தியாசம் பேச்சில் பெரும்பாலும் போய்விட்டது, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் படியும். ஏற்கெனவே படித்த அத்தியாயத்திலிருந்து அவளுக்குப் பிடித்த மூன்று நான்கு வரியை அவளே எடுக்கட்டும், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும், பிறகு புத்தகத்தைத் திறந்து அவளே சரிபார்க்கட்டும். ஒரு வாரம் ர-ற மட்டும் பாருங்கள், மற்றது தப்பாக இருந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். புத்தகம் தீர்ந்துபோனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், குழந்தைகளுக்கென்றே அங்கே தனிப் பகுதி இருக்கிறது, அடுத்த புத்தகத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.